ஓடாத ஓட்டம்: காணாப் பொருளை உண்டெனல் பற்றி

ஒரு பொருள் உண்டு என்று கூறுதற்குரிய தகுதி எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. அதனை ஆராய்வோர் பெரும்பாலும் கடவுள், உயிர், உலகு என்னும் பெரும்பொருள்களையே எடுத்துக்கொள்வர். அவற்றைப் பற்றிய வாதங்களிலே வாதிப்போரின் சமயச் சார்பும் விருப்பு வெறுப்பும் கலந்துவிடுவதால், எது நியாயம், எது பற்று என்று பிரித்தறிதல் அரிதாகின்றது. எவருடைய மன அமைதியும் தங்கியிராத சிறிய பொருளொன்றை வைத்து அதே வினாவைக் கேட்டுப் பார்ப்பின் ஓரளவு தெளிவு பிறக்கலாம். பௌதிகவியலார் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் எனக் குறிப்பிடுவது அத்தகைய பொருளாகும். இது கலைப்பீடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டதெனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் ஒருவர் கண்ணாற் காணாததை எந்த அளவுக்கு உண்டெனக் கூறலாம், கூறுங்கால் எத்தகைய நேர்மை அவரிடம் எதிர்பார்க்கப்படும் என்பவை எப்பீடத்துக்கும் தனியுரிமையானவை அல்ல.

முதலிற் பொருளைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். இரு உலோகத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொன்றையும் கம்பியால் மின்கலத்தின் ஒவ்வொரு முனையோடு இணைத்தால் அது கொள்ளளவி ஆகும். இணைத்தவுடன் கம்பியில் மின்னோட்டம் பாய்கின்றது. ஒரு தகட்டில் நேரேற்றமும் மற்றையதில் மறையேற்றமும் சேர்கின்றன. சேர்ந்து முடிந்ததும் ஓட்டம் நின்றுவிடுகின்றது. கம்பியில் நிகழ்வது கடத்தல் மின்னோட்டம். அங்கே ஏற்றங்கள் உண்மையாகவே இடம்விட்டு இடம் செல்கின்றன. தகடுகளுக்கு இடையிலுள்ள வெளியையோ எந்த ஏற்றமும் கடப்பதில்லை. அவ்வெளி முற்றான வெற்றிடமாயினும் நிகழ்ச்சியில் மாற்றமில்லை.

இடர்ப்பாடு காந்த விளைவைக் கணிக்கும்போது தோன்றுகின்றது. மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு. ஒரு வளையத்தின் வழியே அப்புலத்தை அளந்தால், வளையத்தை ஊடறுத்துச் செல்லும் மின்னோட்டத்தின் அளவு கிடைக்கும் என்பது அம்பியரின் பெயரால் வழங்கும் விதி. கம்பியைச் சுற்றி ஒரு வளையத்தை எண்ணி, அதன் விளிம்பிலே பறைக்குத் தோல் போர்த்தாற்போல ஒரு பரப்பைப் போர்த்துவதாகக் கொள்க. கம்பி அத்தோலைத் துளைத்துச் செல்வதால் மின்னோட்டம் உண்டு என்று கணக்குக் கூறும். இனி அதே விளிம்பிலே தோலை இறுக்கிக் கட்டாது, ஒரு பையைப்போல நீளவிட்டு, பையின் அடிப்பாகம் இரு தகடுகளுக்கும் இடையே செல்லுமாறு அமைத்துக்கொள்க. இப்போது தோலைத் துளைப்பது எதுவுமில்லை. மின்னோட்டம் பூச்சியம் என்று கணக்குக் கூறும். வளையம் ஒன்றே, அதன் விளிம்பிலுள்ள காந்தப்புலமும் ஒன்றே. விடைகளோ இரண்டு. தகடுகளுக்கிடையே வளர்ந்துகொண்டிருக்கும் மின்புலத்தின் மாறும் வீதத்தையும் ஒரு மின்னோட்டமாகக் கணக்கிற் சேர்த்துக்கொண்டால் இம்முரண் நீங்குகின்றது. சேர்க்கப்படும் அளவு கம்பியில் ஓடுவதற்கு முற்றிலும் சமமாக அமைகின்றது. இந்த உறுப்பைச் சமன்பாட்டிற் சேர்த்தவர் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல். அவர் இட்ட பெயரே இடப்பெயர்ச்சி மின்னோட்டம்.

இந்திய அளவை நூலார் இத்தகைய அறிவுக்கு ஒரு பெயர் வைத்துள்ளனர். பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கின்றான் எனின், அவன் இரவில் உண்கின்றான் என்று கொள்ளாவிடில் இரு செய்திகளும் பொருந்தா. இங்ஙனம் அறியப்பட்டவை தம்முள் முரணாமைப் பொருட்டு அறியப்படாத ஒன்றைக் கொள்ளுதல் அருத்தாபத்தி எனப்படும். மீமாம்சகர் இதனைத் தனி அளவையாகக் கொண்டனர். நியாய நூலார் கருதலளவையில் அடக்கினர். காட்சி, கருதல், உரை என மூன்றனையே வேண்டும் சைவ சித்தாந்திகளும் அவ்வாறே அடக்குவர். அவ்வழக்கு எவ்வாறு முடியினும், கொள்ளளவியின் இடைவெளியில் நிகழ்வதாகக் கூறப்படும் ஓட்டம் தேவதத்தனின் இரவுணவை ஒத்ததென்பது வெளிப்படை. அவன் உண்டதைக் கண்டவர் இல்லை. உண்ணாதிருந்தானெனில் அவனது உடம்பு கணக்கில் அடங்கவில்லை.

மணிமேகலையில் அளவைவாதி அருத்தாபத்திக்குக் காட்டும் உதாரணம் வேறு. கங்கையில் ஆய்க்குடி இருக்கின்றது என்று ஒருவன் சொன்னால், அது கங்கைக் கரையில் இருக்கின்றது என்று கேட்போன் பொருள்கொள்கின்றான். தேவதத்தன் உதாரணத்திற் கொள்ளப்படுவது ஒரு புதிய நிகழ்ச்சி. ஆய்க்குடி உதாரணத்திற் கொள்ளப்படுவது ஒரு சொல்லின் பொருத்தமான பொருள். இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தைப் பற்றிய நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாதம் பெரும்பாலும் இவ்விரண்டையும் பிரித்துக்கொள்ளாமையால் எழுந்ததே. வெற்றிடத்திலே உண்மையாக ஏதோ நிகழ்கின்றதா, அன்றி ஓட்டம் என்னும் சொல்லை ஆற்றிலிருந்து கரைக்கு ஏற்றிப் பொருள்கொள்ள வேண்டுமா?

கடத்தல் மின்னோட்டமே மெய்யானது, மற்றையது கணக்கைச் சரிப்படுத்த எழுதிய பொய்ப்பதிவு என்று கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மக்ஸ்வெல் இக்கருத்தை உருவாக்கிய 1861ஆம் ஆண்டிலே கம்பியில் ஓடுவது யாதென்பது எவருக்கும் தெரியாது. தொம்சன் இலத்திரனை இனங்கண்டது 1897இல். 1820இல் ஏர்ஸ்ரெட் கம்பியருகே காந்த ஊசி திரும்பக் கண்டார். கம்பி சூடாவதும், ஓட்டம் செல்லும் கரைசல் பிரிகையுறுவதும் அறியப்பட்டிருந்தன. இவ்விளைவுகளைக் கொண்டே ஓட்டம் என்னும் பெயர் வழங்கப்பட்டது. அப்பெயரும் நீரிலிருந்து இரவல் வாங்கியதே. பின்னாளில் ஓடுவது இலத்திரன் என அறிந்தபோது, வீட்டுக் கம்பிகளில் அது செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த வேகத்திலேயே நகர்கின்றது என்பதும் தெரியவந்தது. ஆளியை அழுத்தியவுடன் விளக்கு எரிவது அந்நகர்வின் விரைவால் அன்று. கம்பியைச் சூழ்ந்த புலம் பரவும் விரைவாலாகும். ஆகவே மெய்யானது எனப்பட்ட ஓட்டமும் அன்று கண்டறியப்பட்டதாயிருக்கவில்லை, கொள்ளப்பட்டதாகவே இருந்தது.

இரண்டிற்கும் இடையிலான எல்லையும் எண்ணுவதுபோல உறுதியானதன்று. செப்புக் கம்பியில், வழக்கமான ஆடலோட்டத்துக்கு, இடப்பெயர்ச்சி உறுப்பு கடத்தல் உறுப்போடு ஒப்பிடவும் இயலாத அளவு சிறியது. கடல்நீரின் நிலை வேறு. மெதுவாக மாறும் மின்புலத்துக்குக் கடல்நீர் நல்ல கடத்தி. நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்புவோர் மிகத் தாழ்ந்த மீடிறன்களை நாடுவது இதனாலேயே. மீடிறன் ஏறுந்தோறும் இடப்பெயர்ச்சி உறுப்பு வளர்ந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 90 கோடி அதிர்வு என்னும் அளவில் இரண்டும் சமமாகின்றன. அதற்கு மேல் அதே நீர் காவலியைப்போல நடந்துகொள்ளத் தொடங்குகின்றது. கடத்தி, காவலி என்பன பொருளின் பிறவிக் குணங்கள் என்று பாடசாலையிற் கற்றவருக்கு இது வியப்பளிக்கலாம். ஒரு பொருள் யாது என்பது, எத்துணை விரைவாக அதனை வினவுகின்றோர் என்பதையும் சார்ந்திருக்கின்றது.

இனி வரலாற்றுக்கு வருதல் வேண்டும். ஏனெனில் இங்கேதான் அறிவின் நேர்மை பற்றிய வினா எழுகின்றது. மேலே கூறிய தோற்பரப்பு நியாயம் பாடநூல்களில் காணப்படுவது. சமன்பாடுகளின் சமச்சீர் அழகைக் கண்டு மக்ஸ்வெல் இவ்வுறுப்பைச் சேர்த்தார் என்றும் கூறுவர். இம்மரத்திற் பேய் உண்டென ஊரார் வழிவழியாகக் கூறுவதை ஐதிகம் என அளவை நூலார் வகுத்தனர்; பாடநூல் வரலாறு பெரும்பாலும் அவ்வகையைச் சேர்ந்தது. உண்மையில் மக்ஸ்வெல் வந்த வழி இவ்வளவு துப்புரவானதாக இருக்கவில்லை. 1861, 1862ஆம் ஆண்டுகளில் நான்கு பகுதிகளாக வெளிவந்த கட்டுரையொன்றிலே, வெளி முழுவதும் சுழலும் நுண்ணிய அறைகளால் நிறைந்துள்ளதாகவும், அவற்றிடையே சிறு துணிக்கைகள் பொறிகளில் உள்ள இடைச்சில்லுகளைப்போல் உருள்வதாகவும் ஒரு மாதிரியுருவை அவர் அமைத்தார். துணிக்கைகள் அறைவிட்டு அறை செல்வது கடத்தல் மின்னோட்டம். காவலியிலே அவை அறையைவிட்டு நீங்கமாட்டா. எனினும் அறைகள் நெகிழ்தன்மை உடையனவாதலால் சற்றே இடம்பெயரும். அப்பெயர்ச்சி மாறுகின்ற வீதத்தை அவர் ஓட்டத்தோடு கூட்டினார். பெயரின் பிறப்பு அங்கேதான். இம்மாதிரியுரு இயற்கையில் உள்ளபடியே உள்ளது என அவர் வற்புறுத்தவில்லை. தற்காலிகமான துணையாகவே அதனை முன்வைத்தார்.

நெகிழ்தன்மையுள்ள ஊடகத்தில் அலை எழும். அவ்வலையின் வேகத்தைக் கணிக்க ஒரு மின்னளவீடு தேவைப்பட்டது. வெபரும் கோல்றவுஷும் 1856இல் வெளியிட்ட அளவீட்டை இட்டபோது செக்கனுக்கு 3,10,740 கிலோமீற்றர் என்னும் பேறு கிடைத்தது. பிசோ 1849இல் அளந்த ஒளியின் வேகமாக மக்ஸ்வெல் எடுத்துக்கொண்டது 3,14,858 கிலோமீற்றர். வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. இன்று ஏற்கப்பட்ட வேகம் 2,99,792 கிலோமீற்றரை ஒட்டியதாதலால், இரு பழைய அளவீடுகளும் ஒரே பக்கமாகப் பிழைத்திருந்தன என்பது சுவையான செய்தி. மின்காந்த விளைவுகளுக்குரிய ஊடகத்தின் அலையே ஒளி என்று மக்ஸ்வெல் முடிவுசெய்தார்.

இவ்வளவு இசைவாக விடை கிடைத்தது சிலருக்கு ஐயத்தை ஊட்டியது. பிரெஞ்சுப் பௌதிகவியலாளரும் அறிவியல் மெய்யியலாளருமான பியர் டுயெம் 1902இல் வெளியிட்ட நூலொன்றிலே, மக்ஸ்வெல் நெகிழ்தன்மைக் கோட்பாட்டின் சூத்திரமொன்றைப் பிழையாகக் கையாண்டார் என்றும், முன்னரே விரும்பிய விடையை அடையும் பொருட்டே அவ்வாறு செய்தார் என்றும் கடுமையாகச் சாடினார். அவர் கூறியவாறு திருத்தினால் வேகம் இரண்டின் வர்க்கமூலத்தால் வகுபட்டு ஏறத்தாழ 2,20,000 கிலோமீற்றராகக் குறைந்துவிடும். ஒளியோடு எந்த உறவும் இராது. குற்றச்சாட்டு சிறிதன்று. உண்மையைக் கண்டவர் அதற்குச் சான்றைத் திரித்தார் என்பதே அதன் சாரம். கண்டது உண்மையாயிருந்தமை திரித்தலை நியாயப்படுத்துமா? நியாயப்படுத்தாது. சரியான விடையை எழுதிய மாணவன் அயலான் தாளைப் பார்த்திருந்தால் அவ்விடை அவனுடைய அறிவாகாது.

ஆயின் டுயெமின் குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. 1861 ஒக்ரோபர் 19ஆம் நாள் மக்ஸ்வெல் மைக்கல் பரடேக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அப்போது அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பேராசிரியர். கோடைக்காலத்திற் ஸ்கொத்லாந்திலுள்ள தமது கிராம இல்லத்தில் இருக்கையிலேயே சமன்பாடுகளை வருவித்துவிட்டதாகவும், வெபரின் எண்ணை அப்போது தாம் பார்த்திருக்கவில்லை என்றும் அதில் அவர் தெரிவித்துள்ளார். இதுவும் அவருடைய சொல்லே என்று மறுக்கலாம். உரையளவையிற் சொல்வோனின் தகுதியே முதன்மை பெறுகின்றது. பிற்கால அறிவியல் வரலாற்றாசிரியர்கள் அச்சொல்லை நம்பாதிருக்கப் போதிய காரணம் காணவில்லை. 1991இல் டானியல் சீகல் வெளியிட்ட நூல், அம்மாதிரியுருவைத் தனக்குள் ஒழுங்குடைய ஆக்கமாகவே விளக்குகின்றது. இருப்பினும் டுயெமை வெறும் குற்றங்காண்பவராக ஒதுக்குதல் முறையன்று. விடை இனிதாயிருக்கும்போதே வழியை மீண்டும் சோதிக்க வேண்டும் என்னும் அவரது கண்டிப்பு எல்லாத் துறைக்கும் தேவையானது. ஒருவரின் உள்நோக்கத்தைச் சான்றின்றிக் கூறியதே அவர் செய்த தவறு.

மக்ஸ்வெலின் நேர்மைக்குக் கடிதத்தினும் வலிய சான்று அவர் அடுத்துச் செய்தது. 1864 டிசெம்பரில் வாசிக்கப்பட்டு 1865இல் வெளியான கட்டுரையிலே அவர் சுழல் அறைகளையும் இடைச்சில்லுகளையும் கைவிட்டார். ஏணியாகப் பயன்பட்ட மாதிரியுரு போயிற்று; சமன்பாடு நின்றது. அதனோடு, தோற்றுப்போகக்கூடிய ஒரு முடிவையும் அவர் உலகின் முன் வைத்திருந்தார்: காவலியிலும் வெற்றிடத்திலும் மாறும் மின்புலம் ஓட்டத்துக்குரிய காந்த விளைவைக் காட்டல் வேண்டும். 1879இல், அவர் 48ஆம் வயதில் மறைந்த அதே ஆண்டில், ஹெல்ம்ஹோல்ட்ஸின் தூண்டுதலால் பேர்லின் கழகம் இதனைச் சோதிப்பதற்குப் பரிசு அறிவித்தது. ஹேர்ட்ஸ் 1887இல் பரபின் போன்ற காவலிகளில் அவ்விளைவைக் கண்டறிந்தார். எனினும் காவலியில் அணுக்களுள் அடங்கிய ஏற்றங்கள் சிறிதேனும் பெயர்வதால் அங்கே பெயர்ச்சி என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருள் உண்டு. கடினமான பகுதி வெறும் வெளியைப் பற்றியது. அவ்வெளியிலே அலை வரையறையுள்ள வேகத்தோடு செல்வதை 1888இல் ஹேர்ட்ஸ் காள்ஸ்றூ நகரிற் காட்டியபோதே வழக்கு மக்ஸ்வெலின் பக்கம் சாய்ந்தது.

வெறும் வெளி உண்மையில் வெறுமையானதன்று, ஈதர் என்னும் பொருளால் நிறைந்தது என்று அக்காலத்தவர் நம்பினர். இடம்பெயர்வது ஈதர் என்று கூறமுடிந்தது. மைக்கல்சனும் மோர்லியும் 1887இற் செய்த பரிசோதனை ஈதரின் தடயத்தைக் காணவில்லை. 1905இல் ஐன்ஸ்ரைன் அது தேவையற்றது என்றார். பெயர்வதற்குரிய பொருள் நீங்கிய பின்னும் பெயர்ச்சி என்னும் சொல் நூல்களில் நிலைத்துவிட்டது. எழுவாய் இறந்த பின் பயனிலை மட்டும் வாழும் வாக்கியம் போன்றது இது. கங்கையில் ஆய்க்குடி என்ற உதாரணம் இங்கே மீண்டும் வேண்டப்படுகின்றது. இடப்பெயர்ச்சி என்பதை ஆற்றிற் கொள்ளாது கரையிற் கொள்ளின், அஃதாவது மின்புலம் மாறும் வீதம் என்று மட்டும் பொருள்கொள்ளின், பொய் எதுவும் கூறப்படுவதில்லை.

மின்புலமே ஒரு கற்பனை எனின்? அதற்கு ஒரு விடை உண்டு. ஞாயிற்றிலிருந்து ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 500 செக்கன் செல்கின்றது. புறப்பட்டபின், சேருமுன், அச்சத்தி எங்கே இருக்கின்றது? புலம் என்பது வெறுங்கணக்காயின் அந்த எட்டு நிமிடங்களுக்குச் சத்தி எங்கும் இல்லை என்று சொல்லவேண்டும். சத்தி அழியாது என்பதைக் கைவிட எவரும் இசையார். ஆகவே புலத்துக்கு உண்மை அளித்தல் தவிர்க்கவொண்ணாதது. தேவதத்தனின் இரவுணவுக்குரிய வலிமை இந்நியாயத்துக்கு உண்டு.

ஆனால் புலம் உண்டு என்பதிலிருந்து, மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கின்றது என்பது பெறப்படுமா? பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் இவ்வாக்கியம் ஐயமின்றி உரைக்கப்படுகின்றது. சமன்பாட்டிலோ இருபுறமும் சமம் என்னும் குறி ஒன்றே உள்ளது. எது காரணம், எது காரியம் என அக்குறி கூறுவதில்லை. இரு நிகழ்ச்சிகள் என்றும் சேர்ந்தே காணப்படுவதன்றி, ஒன்று மற்றதைத் தோற்றுவிக்கும் ஆற்றல் புலனுக்கு எட்டுவதில்லை என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தடை இங்கே எவ்வகையிலும் வலிகுன்றவில்லை. இதனைப் பௌதிகத்துக்கு உள்ளிருந்தே காட்டவும் முடியும். கொள்ளளவி மெதுவாக ஏற்றப்படும்போது தகடுகளுக்கிடையே உள்ள காந்தப்புலத்தை, கம்பியிலும் தகடுகளிலும் ஓடும் கடத்தல் மின்னோட்டங்களின் பங்குகளை மட்டும் தனித்தனியே கூட்டிக் கணித்துவிடலாம். இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தின் பங்குகளையும் அதே முறையிற் கூட்டினால் அவை ஒன்றையொன்று நீக்கி ஒன்றுமின்றிப் போகின்றன. அம்பியரின் வளையத்தைக் கொண்டு கணிப்பவருக்கோ அவ்வுறுப்பின்றி விடையே இல்லை. விடை இரண்டிலும் ஒன்றுதான். விரைவாக மாறும் புலங்களுக்கும், ஏற்றங்களும் அவற்றின் ஓட்டங்களும் முன்னொரு கணத்தில் இருந்த நிலையிலிருந்தே மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் வருவிக்கும் சூத்திரங்கள் உள்ளன. அவற்றின்படி நோக்கின் இரு புலங்களும் ஒரு தாய்ப் பிள்ளைகள். ஒன்றுக்கொன்று தாயும் பிள்ளையும் அல்ல.

காந்தப்புலம் அங்கே உண்டா என்னும் வினாவுக்கு மட்டும் பரிசோதனை விடையளித்துள்ளது. 1985இல் பாட்லெற்றும் கோளும் மீகடத்தியால் இயங்கும் நுண்ணிய காந்தமானியொன்றைக் கொண்டு, ஏற்றப்படும் வட்டக் கொள்ளளவியின் உள்ளே அப்புலத்தை நேரே அளந்தனர். கட்டுரைக்கு அவர்கள் இட்ட தலைப்பு, இடப்பெயர்ச்சி மின்னோட்டத்தையே அளந்ததாகக் கூறியது. 1990இல் பாட்லெற் தாமே வேறொரு கட்டுரையில், கொள்ளளவியின் உள்ளேயுள்ள அதே புலத்தைக் கம்பிகளிலும் தகடுகளிலும் ஓடும் கடத்தல் மின்னோட்டத்தைக் கொண்டு விளக்கினார். ஐந்தாண்டு இடைவெளியில் கருவியின் வாசிப்பு மாறவில்லை.